பதினோரு ராத்தல் பிள்ளை

ஜொகூர் மாநிலம், லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், 1936ஆம் ஆண்டு ஒரு காலை. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் மரம் சீவப் போய்க்கொண்டிருந்தார்கள். செல்லம் மட்டும் மூன்றாவது முறையாகக் குழாயடிக்கு வந்தாள். ஏழு மாத வயிறு. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை.

"வயித்தப் பாத்தா நெறமாசம் மாதிரி இருக்கே! யானைக்குட்டிதான்" என்று பெண்கள் சிரித்தார்கள். செல்லத்துக்கும் பெருமைதான். அவள் கணவன் லெட்சுமணன் வாரம் தவறாமல் டின்பால் வாங்கிக் கொடுத்தான்.

தலைச்சன் பிள்ளையும் அப்படித்தான், பதினோரு ராத்தல், ஐந்து கிலோ. தலை வந்தது, தோள் வரவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மருத்துவச்சி அங்கம்மா போராடி வெளியே எடுத்தபோது மூச்சில்லை. "கண்ணு பட்டுருச்சு" என்றாள் அவள். எல்லோரும் நம்பினார்கள்.

அன்று செல்லம், காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். புண்ணைப் பார்த்தார், தாகத்தைப் பற்றியும் முதல் பிள்ளையைப் பற்றியும் விசாரித்தார். பிறகு அவள் சிறுநீரில் சில துளிகளைக் கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். நீலம் செங்கல் நிறமாக மாறியது.

அவர் லெட்சுமணனையும் அங்கம்மாவையும் கூப்பிட்டனுப்பினார்.

"இது இனிப்பு நீர், நீரிழிவு வருத்தம். தாயின்ர ரத்தத்தில இருக்கிற சீனி குழந்தைக்கும் போகுது. அதுதான் குழந்தை அளவுக்கு மிஞ்சிப் பெருக்குது. முந்தினதும் இதாலதான் போயிருக்கும். லயத்தில பெற வேண்டாம். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு உடன கூட்டிக்கொண்டு போ."

"அங்க வயித்தக் கிழிச்சிருவாங்கய்யா. அங்கம்மாக்கா பாத்துக்கும்" என்றான் லெட்சுமணன்.

அங்கம்மா கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரசவம் பாக்க நான் வரமாட்டேன்" என்றாள்.

"அக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"போன தடவ தோளு மாட்டினப்ப எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலடா. அதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் கண்ணு மேல பழியப் போட்டேன். இன்னொரு பிள்ளைய அப்படி எடுக்க என்னால ஆகாது."

செல்லம் லெட்சுமணன் பக்கம் திரும்பினாள். "நான் போறேன். நீ வந்தா வா, வராட்டி தனியாவே ரயிலேறிக்கிறேன்."

அவனும் போனான். ஆஸ்பத்திரியில் சோற்றைக் குறைத்தார்கள், சீனியை நிறுத்தினார்கள். தினமும் இன்சுலின் ஊசி போட்டார்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எட்டரை ராத்தல். தாயிடமிருந்து வந்த சீனி நின்றதும் அதன் ரத்தத்தில் சீனி குறைந்து, முதல் இரண்டு நாள் துவண்டு கிடந்தது. தாதிகள் மணிக்கொரு தரம் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டினார்கள். மூன்றாம் நாள் வீறிட்டு அழுதது. லெட்சுமணன் வராந்தாவில் உட்கார்ந்து தானும் அழுதான்.

ஒரு மாதம் கழித்துச் செல்லம் குழந்தையோடு லயத்துக்குத் திரும்பியபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு! திருஷ்டி சுத்திப் போடுடி" என்றாள் ஒருத்தி.

அங்கம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"திருஷ்டி அப்புறம் சுத்தலாம். வயித்துல பிள்ளை அளவுக்கு மேல பெருத்தா அது பெருமையில்ல, நோயாவும் இருக்கலாம். தாகம் அடங்கலையா, முந்தின பிள்ளை ரொம்பப் பெருசா பொறந்துச்சா, மொதல்ல போய் நீரச் சோதிச்சிட்டு வாங்க. தெரியாதத தெரியும்னு நான் நடிச்சதுல ஒரு உசுரு போச்சு. இனி இந்த லயத்துல அப்படி ஒண்ணு போகக்கூடாது."