கிழக்கே இருபது தப்படி

மே மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கரமனை அக்ரஹாரத்தில் சுப்ரியாவின் குரல் இரண்டாகப் பிரிந்தது. கனமான பாதி அவளிடமே இருந்தது. மெல்லிய பாதி அவளுக்குக் கிழக்கே இருபது தப்படி தள்ளி, பக்கத்து வீட்டு ரெஷ்மாவின் கிணற்றடியில் கேட்டது. அன்று தெருவில் வேறு விசேஷம் இல்லை. பத்து மணிவரை குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

காரணம் அவள் கணவன் ஸ்ரீநிவாஸ் செய்த ஸ்பீக்கர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்த அவன், மீதி நேரமெல்லாம் மாடியறையில் ப்ளைவுட் பெட்டிகளோடு இருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் கனத்த ஒலிக்குக் கீழே ஒரு ஊஃபர், மெல்லிய ஒலிக்கு மேலே ஒரு ட்வீட்டர். வருகிற பாட்டைப் பிரித்து இரண்டுக்கும் பங்கு போடுகிற சின்னப் பலகைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அதிலுள்ள செம்புக் கம்பிச் சுருள் கனத்ததை மட்டும் விடும். கண்டென்சர் மெல்லியதை மட்டும் விடும். எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரியான இடத்தில் வெட்டினால் வெட்டிய தடமே தெரியாமல், பாடுகிறவர் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஸ்ரீநிவாஸ் சாலைக் கடைத்தெருவில் கம்பி வாங்கிப் பவுடர் டப்பாவின்மேல் சுற்றிச் சுற்றிப் பதிமூன்று பலகைகள் செய்தான். பதிமூன்றையும் பிரித்துப்போட்டான்.

சோதித்துப் பார்க்கத் தனக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று வேண்டும் என்று, விஷு கழிந்த வாரம் மனைவியிடம் மைக்கை நீட்டினான். "ரெண்டு நிமிஷம் எதையாவது பேசு. ச, ஷ நெறைய வரணும்." சொல்லிவிட்டு மீட்டரில் ஆடும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசினாள். அந்த இரண்டு நிமிஷத்தை அடுத்த மூன்று வாரங்களில் நானூறு தடவையாவது போட்டுக் கேட்டான். பதினாலாவது பலகையில் வெட்டு இரண்டாயிரத்து நானூறு ஹெர்ட்ஸில் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைப் பூட்டிக் கேட்டபோது பிசிறே இல்லை. சந்தோஷத்தோடு கீழே இறங்கி வந்து அவளைக் கூப்பிட்டான். அவள் சொன்ன பதில் வெறும் முனகலாக இருந்தது. வல்லெழுத்து ஒன்றுகூட இல்லை.

சற்று நேரத்தில் மதில்மேல் ரெஷ்மாவின் தலை தெரிந்தது. அவள் பாறசாலைக்காரி, வீட்டில் டியூஷன் எடுப்பவள். "சேச்சி, உங்க ஒச்சையில பாதி எங்க கெணத்தடியிலயாக்கும் கெடக்கு. சானாவும் தானாவுமா விழுது, கேட்டியளா?"

சுப்ரியா பயப்படவில்லை. வங்கி அதிகாரியான அவளுக்கு எதையும் அளந்து பார்க்க வேண்டும். மறுநாள் இரண்டாம் சனி விடுமுறை; ரெஷ்மாவைக் கிழக்கே நிறுத்தி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்களைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் எங்கே நின்றாலும் மெல்லிய பாதி சரியாக இருபது தப்படி கிழக்கே இருந்தது. திங்கட்கிழமை தம்பானூர் பஸ்ஸில் ஏறியபோது அது பின்னால் வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டது. ஓட்டுகிறவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். வங்கியில் அவள் வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாள். பதினைந்தாம் தேதி மண்டல அலுவலகத்துக்கு மட்டும் ஒரு போன் செய்தாள். அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

ஸ்ரீநிவாஸ் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தான். ட்வீட்டரின் கம்பிகளை மாற்றிப் பிணைத்தபோது மெல்லிய பாதி மேற்கே போய், வக்கீல் சாம்பசிவனின் பூஜையறையில் கேட்டது. "பாம்புன்னு நெனச்சுட்டேன், ஸ்ரீநி," என்று அவர் வந்து சொன்னார். கோபப்படவில்லை. கம்பிகளைப் பழையபடி வைத்ததும் அது கிணற்றடிக்குத் திரும்பியது. பலகையைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பார்த்தான். அப்போதும் மாற்றம் இல்லை.

தப்பு பதிவிலேயே இருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பென்சிலோடு உட்கார்ந்தான். எந்தெந்தச் சகாரத்தில் என்ன ஆகிறதென்று குறிக்க வேண்டும். குறிப்பதற்கு முதலில் வாக்கியங்களை எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தான்.

"ஸ்ரீ, பாலக்காட்டுக் கிளைக்கு என்னை மேனேஜராப் போட்டிருக்கா. சொல்லணும்னு மூணு தடவை மாடிக்கு வந்தேன். ஹெட்போனைக் கழட்டாம கையைக் காட்டினேள். எனக்குப் போகணும்னு ஆசை. உங்களையும் கூட்டிண்டு போகணும்னு ஆசை. மே பதினஞ்சுக்குள்ள பதில் சொல்லுங்கோ. சொல்லலைன்னா, நான் வரலைன்னு சொல்லிடறேன்."

பென்சில் நின்றது. அன்று தேதி பதினேழு.

அவன் இறங்கி ஓடினான். சுப்ரியா வாசல் கேட்டருகே நின்றிருந்தாள். அவளைத் தாண்டித் தெருவில் கிழக்கே பத்துத் தப்படி எண்ணி நடந்து திரும்பி நின்றான். இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிற இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரியும், அது அவன் வித்தை. முன்பே அங்கே போய் நின்றிருக்கலாம், தோன்றவில்லை.

"கேட்டேன்," என்றான்.

"நானூறு தடவை."

"இல்லை. இன்னைக்குத்தான்."

ஒன்பது நாட்களுக்குப் பிறகு அவள் குரல் முழுசாக அவன் காதில் விழுந்தது. "வெள்ளிக்கிழமை போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன், ஸ்ரீ." குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, களைப்பு இருந்தது. அவன் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. தொலைபேசியில் தெரிவித்த சம்மதத்தின்படி சுப்ரியா ஜூன் முதல் தேதி பாலக்காட்டுக் கிளையில் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் இருந்தது. மண்டல அலுவலகத்து ஜெயகுமாரிடம் அவள் 'வரான் பற்றில்ல' என்று மலையாளத்தில் சொல்லியிருந்தாள். வர முடியாது என்று அர்த்தம். கனத்த பாதி மட்டும் போன போனில், முதல் சொல்லுக்கு அப்புறம் அவருக்கு எதுவும் தெளிவாக விழவில்லை. 'வராம்', அதாவது வருகிறேன், என்று குறித்துக்கொண்டு, உத்தரவின் கீழே அவர் வாழ்த்தும் எழுதியிருந்தார்.

சுப்ரியா உத்தரவை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவனைத் தெருவுக்குக் கூட்டிப் போய்ப் பத்துத் தப்படி தள்ளி நிறுத்தினாள். "திரும்பக் கூப்பிட்டு வரலைன்னு சொல்லட்டுமா?"

"எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு வராம்னுதான் கேக்கும்," என்றான் ஸ்ரீநிவாஸ். "வீட்டிலேர்ந்து வேலை பண்றேன்னு ஆபீஸ்ல கேட்டுட்டேன். எத்தனை பெட்டி கட்டணும்?"

பாலக்காட்டுக் கிளையில் மேனேஜர் அறையை எடுத்துவிட்டு, அவள் மேஜையை மேற்குச் சுவரோரம் போட்டார்கள். வாடிக்கையாளர் நாற்காலிகளைப் பத்துத் தப்படி தள்ளிப் போட்டார்கள். மெல்லிய பாதி பணம் வாங்கும் கவுண்டரில் விழுந்தது. அங்கே இருக்கும் ஹரிநாராயணன் முதல் வாரம் காதில் பஞ்சு வைத்தார். இரண்டாம் வாரம் எடுத்துவிட்டார். மேனேஜருக்கு எப்போது கோபம் என்று முன்கூட்டியே தெரிவது உபயோகம்தான் என்றார். வந்துபோகிறவர்கள் ஜூனில் விசாரித்தார்கள், ஜூலையில் விசாரிக்கவில்லை. சுப்ரியாவும் ஸ்ரீநிவாஸும் எடுத்த வாடகை வீட்டின் கூடம் ஏழு தப்படிதான். ஆகவே பேச வேண்டியதைச் சாயங்காலம் முற்றத்தில் பேசுகிறார்கள். அவள் படியில் உட்கார்ந்து பேசுவாள். அவன் கொய்யா மரத்தடியில் நின்று கேட்பான். மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்வான்.