பதினோரு வருஷத்துப் பெட்ரோல்

உலகம் அழிந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கதாநாயகன் புதருக்குள் கிடந்த காரில் ஏறிச் சாவியைத் திருகினான். ஒரே திருகலில் கார் கிளம்பிவிட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் டீ தம்ளரைத் தரையில் வைத்தார். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். மனைவி ரிமோட்டை எடுத்துத் தொடரை நிறுத்தினாள். நிறுத்தாவிட்டால் ஒரு வசனமும் காதில் விழாது என்பது பதிமூன்று வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கற்றுக்கொண்ட பாடம்.

“பெட்ரோல் பதினோரு வருஷம் டேங்க்ல கெடந்தா என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும். போன வாரம் லாரிக்குச் சொன்னீங்க.”

“பிசினாப் போயிடும். பேட்டரி செத்திருக்கும். டயர் தரையோட ஒட்டியிருக்கும். இவன் என்னமோ மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி ஜம்முனு கிளம்புறான்!”

“செத்தவங்க எழுந்து தொரத்துறாங்க, அத ஒத்துக்கிறீங்க. வண்டி கிளம்பினா மட்டும் பொறுக்கல.”

“செத்தவங்க விஷயம் எனக்குத் தெரியாது. வண்டி எனக்குத் தெரியும்.”

இந்தத் தொடர் மீது அவருக்கு வேறு புகார்களும் உண்டு. மனித இனமே ஒழிந்தபிறகு தெருவோரப் புல்லை யார் வெட்டுகிறார்கள்? கதாநாயகியின் புருவத்தைத் திருத்த எந்தப் பார்லர் திறந்திருக்கிறது? ஆனாலும் ஒரு வாரம்கூட அவர் பார்க்காமல் இருந்ததில்லை.

மனைவியின் மடியில் கைபேசி கிடந்தது. காலையில் மகன் அனுப்பியிருந்தான்: ‘வியாழக்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கு. வீட்டுக்கு வரலாமாம்மா? அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு.’ அதைக் கேட்கத்தான் அவள் இரண்டு மணி நேரமாக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாயைத் திறந்தாலே பெட்ரோல்தான் வருகிறது.

அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை; பட்டறையில் உட்கார மாட்டேன் என்று மகன் சொன்னதில் தொடங்கிய சண்டை அது. ‘நீங்க வாங்கிக் குடுத்த பைக்கையும் நீங்களே வச்சுக்குங்க’ என்று சாவியை வீசிவிட்டுப் போனான். தெருவே வேடிக்கை பார்க்க இவர் கத்தினார்: ‘நின்ன எடத்துலயே துருப்புடிச்சு மக்கட்டும். நான் தொட்டா என் பேர மாத்தி வைங்கடா!’ அதன்பிறகு படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அந்த பைக்கைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. மகனைப் பற்றியும்தான்.

“அப்ப நம்ம படிக்கட்டுக்கு அடியில நிக்குதே? ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவும் கிளம்பாதில்ல?”

அவர் காலித் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“கிளம்பாது.”

“நிச்சயமா?”

“அத யாரு தொட்டா? எப்படிக் கிளம்பும்?”

அவள் எழுந்து, நிலைக்குப் பக்கத்து ஆணியிலிருந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தார்ப்பாயை இழுத்ததும் மேலே படிந்திருந்த தூசி அவள்மீது கொட்டியது. உள்ளே சீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. டயர்கள் கிண்ணென்று இருந்தன. மகன் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் சாவியைத் திருகிப் பொத்தானை அமுக்கினாள்.

ஒரே அமுக்கில் கிளம்பிவிட்டது.

மெக்கானிக் வாசற்படிக்கு வந்து நின்று தெருவைப் பார்த்தார்.

“இது கதையில வந்தா நம்புவீங்களா?”

“மாசம் ஒரு தடவ பெட்ரோல் மாத்தி, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தி வச்சா கிளம்பும்” என்றார், யாரோ வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல.

“யாரு மாத்தினா?”

“நீ ஞாயித்துக்கெழம காலையில உங்கக்கா வீட்டுக்குப் போயிடுறல்ல.”

அவள் புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டாள். “அப்ப உங்களுக்கு என்ன பேரு வைக்கலாம்?”

அவள் கைபேசியில் மகனை அழைத்தாள். “அம்மா? கேட்டியா? என்ன சொன்னாரு?” என்றது குரல். அவள் கைபேசியை இன்ஜின் பக்கம் நீட்டினாள். திரையில் நொடிகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. இன்ஜின் இரண்டு முறை இருமித் திணறியது.

“முறுக்கிப் புடி, நின்னுடும்” என்றார் அவர்.

அவள் அசையவில்லை. அவரே படியிறங்கி வந்து, பேரைப் பற்றிய யோசனை எதுவும் இல்லாமல், ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.