காரணம்: மற்றவை

சுயம்புக்கனியின் மணிக்கட்டில் வைத்திருந்த விரல்களை எடுக்காமலேதான் நர்ஸ் ரமாபாய் பதில் சொன்னாள்.

"ரமாபாய்னா சேட்டு வீட்டுப் பேருல்லா? நீ என்ன இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுத?" என்று கேட்டவள் செல்லக்கனி, சுயம்புக்கனியின் மாமியார். ராயபுரத்தில் கீழே மளிகை மொத்தக் கடையும் மேலே வீடுமாக இருக்கிற குடும்பம் அது. பிறந்து எட்டு நாளான பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டதில் விஷம் ஒன்றும் இல்லை.

"சேட்டு இல்லம்மா. அம்பேத்கர் சம்சாரம் பேரு. எங்க நைனா வச்சது. வூடு வியாசர்பாடி."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாடி நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு. முந்தின நாள் எண்பத்திரண்டு இருந்தது.

செல்லக்கனியின் கை தட்டுவதை நிறுத்தியது. எட்டு நாளாக ரமாபாயின் கைதான் பிள்ளையைக் குளிப்பாட்டியது. எட்டு நாளாக இந்தப் பெண்தான் உள்ளறை வரை வந்து போகிறாள். செல்லக்கனியின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை ரமாபாய் பார்த்தாள். அப்படி ஓடுகிற முகங்களை அவள் சிறுவயது முதலே அறிவாள்.

"கைய எடு" என்றாள் செல்லக்கனி.

"அம்மா, நாடி வேகமாப் போவுது. துணி முழுக்க நனைஞ்சிருக்கு, கர்ப்பப்பை இறுகவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே இட்டுகினு போணும். கார் வர்றதுக்குள்ள நான் ஒரு ஊசி போட்டு, வயித்த அழுத்திப் புடிச்சிக்கிறேன்."

"பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் போகத்தான் செய்யும். நாங்க பாக்காததா? கைய எடுன்னு சொல்லுதேன்."

திருவொற்றியூரில் ரமாபாய் வேலை பார்த்த நர்சிங் ஹோமுக்குச் செல்லக்கனியே போன் போட்டாள். வேறு நர்ஸ் வேண்டும் என்றாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். ரமாபாய் போய் எடுத்தாள்.

"நீ கிளம்பி வந்துடு ரமா" என்றாள் டாக்டரம்மா. "அந்தக் குடும்பத்துல மூணு பிரசவம் நாமதான் பார்த்திருக்கோம். பிரச்சனை வேணாம். வேற ஆள அனுப்புறேன், அரை மணியில வந்துடுவா."

"டாக்டர், பிளீடிங் ஜாஸ்தியா இருக்கு."

"அதான் அனுப்புறேன்னு சொல்றேன்ல. நீ வா."

சித்திரை வெயில் சன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த பெண் கண்ணைத் திறந்து, "அக்கா, குளிருது" என்றாள். இருபத்திரண்டு வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். எட்டு நாளில் ரமாபாயிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசியிருந்தாள்.

ரமாபாய் ஒரு போர்வையை எடுத்து அவள் கால்மாட்டில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். படியிறங்கினாள்.

கர்ப்பப்பையை இறுக்கும் ஊசி மருந்து அந்தப் பையில்தான் இருந்தது.

மாற்று நர்ஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் நின்ற காரில் சுயம்புக்கனியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. நர்சிங் ஹோம் ஏட்டில் டாக்டரம்மா, "கொண்டுவருவதில் தாமதம்" என்று எழுதி மூடினாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அது 2003.

அதன் பிறகு ரமாபாயின் வலது கை அவளுடையதாக இல்லை.

பேருந்தில் கம்பியைப் பிடித்தால் கம்பிக்குள் நாடி அடித்தது. நூற்று இருபத்தெட்டு. குழாயடியில் குடத்தின் கழுத்தைப் பிடித்தால் அங்கேயும் அடித்தது. மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் கடக்கும்போது நர்சிங் ஹோம் சன்னல்கள் அதிரும். அந்த அதிர்வு அடங்குகிற இடத்தில், யாரோ பல் கிட்டிக்க, "அக்கா" என்று கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்ப்பாள். சாத்திய கதவு இருக்கும். காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும் புருஷன் பாரியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து எண்ண ஆரம்பித்துவிடுவாள். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

"இன்னா ரமா, எனக்கு ஜொரமா?"

"சும்மாதான்."

"டெய்லி சும்மாவா? நீ மனசுல இன்னாவோ வச்சிகினு கீற. சொல்லவும் மாட்டேங்குற." அவன் கையை இழுத்துக்கொள்ள மாட்டான். அவள் எண்ணி முடிக்கும்வரை டீயை இடது கையால் குடிப்பான்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டரம்மா அவளை அறைக்கு அழைத்தாள். ஏதோ ஒரு மருத்துவ நிறுவனம் நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் இணையத்திலேயே தாய்சேய் நலப் பாடம் நடத்துகிறதாம். ஆறு மாதம். வீட்டிலிருந்தோ பிரவுசிங் சென்டரிலிருந்தோ படிக்கலாம், பரீட்சையும் அதிலேயே. "நானும் டாக்டர்ஸ் பிரிவுல சேர்ந்திருக்கேன். நீ முடிச்சிட்டு வா, பிரசவ வார்டுக்கு உன்னை இன்சார்ஜ் ஆக்குறேன். உன் கை நல்ல கை ரமா" என்றாள்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஷெர்லின் என்ற பெண் நடத்திய பிரவுசிங் சென்டரில் ரமாபாய் உட்கார்ந்தாள். பகல் டூட்டி முடிந்த கையோடு சாயங்காலம் ஒரு மணி நேரம். பாடம் முழுக்க ஆங்கிலம். ரமாபாய் தமிழில் படித்து நர்சிங் டிப்ளமா முடித்தவள். புரியாத இடத்தை ஷெர்லின் படித்துச் சொல்வாள். அந்தப் படிப்பில் ரமாபாய்க்குப் பிடித்த ஒன்று இருந்தது. மாணவர்களுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. நர்ஸ் என்றால் 'என்' போட்டு ஓர் எண், டாக்டர் என்றால் 'டி' போட்டு ஓர் எண். அவள் என்-314. விவாதப் பக்கத்தில் அவள் சொன்ன பதிலுக்கு ஒரு முறை மூன்று டாக்டர்கள் நன்றி போட்டிருந்தார்கள். வீடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாவது பாடம் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. திரையில் வரைபடமாக ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுக்கு முகம் வரையவில்லை. வெறும் வட்டம். ரமாபாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டத்துக்குள் கண்கள் திறந்தன. படத்துக்குப் பக்கத்தில், செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன. உடனே ஊசி. கையால் அழுத்தம். கால் பக்கம் உயர்த்துதல். அழைத்துச் செல்லும் வழியெல்லாம் அழுத்தம் விடாதிருத்தல். அன்று செல்லக்கனியிடம் அவள் சொன்னது அத்தனையும் அதே வரிசையில் இருந்தது.

தெரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். தெரிந்துதான் படியிறங்கியிருக்கிறாள்.

கடைசித் தேர்வு எழுத்துத் தேர்வு இல்லை. நேரில் கண்ட ஒரு தாய் மரணத்தைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். நோயாளி பெயர், ஊர்ப் பெயர் கூடாது. மேற்பார்வை மருத்துவர் கையொப்பமிட்ட நகலைத் தபாலில் அனுப்ப வேண்டும். படிவத்தின் நடுவில் 'தாமதத்தின் முதன்மைக் காரணம்' என்று ஒரு கட்டம். அம்புக்குறியை வைத்தால் பட்டியல் விழுந்தது. வாகனம் இல்லை. பணம் இல்லை. ரத்தம் கிடைக்கவில்லை. மருத்துவப் பணியாளர் இல்லை. குடும்பத்தின் அறியாமை. மற்றவை.

ரமாபாய் ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். வாசலில் கார் நின்றது. பணத்துக்குக் குறைவில்லை. ரத்தம் வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவே இல்லை. பணியாளர் கட்டிலருகில் இருந்தாள். அறியாமை என்றும் சொல்ல முடியாது. அவள்தான் வாய்விட்டுச் சொன்னாளே.

"மற்றவை போடு" என்றாள் ஷெர்லினிடம். "நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது."

அவள் சொன்னாள். ஷெர்லின் தட்டினாள். பாதியில் கை நின்றது.

"அக்கா, மளிகைக்கடை, தெக்கத்திப் பேச்சு... இவங்க எங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க மாதிரில்ல இருக்கு?"

"ஆமா."

ஷெர்லினின் அப்பாவும் தெற்கிலிருந்து வந்து பாத்திரக்கடை வைத்தவர்தான். "எங்க வீட்லயும் இதே ஜாதிப் பேச்சுதான்கா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்தும் பேசுவாங்க" என்றாள் மெல்ல. பிறகு, "'தொடக் கூடாது'ன்றத இங்கிலீஷ்ல எப்படிக்கா எழுதுறது? 'விரும்பவில்லை'ன்னு போடவா?"

"வேணாம். விரும்பலன்னா அது காப்பி வேணுமா வேணாமான்ற மாதிரி ஆயிடும். ஜாதி தெரிஞ்சதும் கைய எடுக்கச் சொன்னாங்க. அப்படியே எழுது. டாக்டர் போன்ல வரச் சொன்னாங்க, அதையும் எழுது. நர்ஸுக்குச் செய்ய வேண்டியது தெரியும், மருந்து பையில இருந்துச்சு, சொன்ன ஒடனே கெளம்பிட்டா. அதையும் எழுது."

"உங்களப் பத்தியே எதுக்குக்கா?"

"நான்தான போனேன்."

டாக்டரம்மா அறிக்கையை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேசை விசிறி காகிதத்தைப் படபடக்க வைத்தது. அதை அணைத்தாள்.

"நல்லா எழுதியிருக்க. நேரம், நாடி எல்லாம் சரியா இருக்கு. இந்த ஒரு பாராவ மட்டும் எடுத்துடு. 'குடும்பத்தின் அறியாமை'ன்னு போட்டுடு. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

"அவங்களுக்குத் தெரியும் டாக்டர், நான் சொன்னேன். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இதுல யாருக்கு அறியாமைன்னு போடறது?"

"ரமா, நான் அன்னிக்கு வேற ஆள அனுப்பினேன்."

"அனுப்பினீங்க. எழுதியிருக்கேனே."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது. உனக்கே தெரியும். இன்சார்ஜ் வேணும்னா யோசிச்சுட்டு வா."

ரமாபாய் யோசித்தாள். நாலு நாள் யோசித்தாள். இன்சார்ஜ் ஆனால் பிரசவ வார்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும், நாளைக்கு இன்னொரு சுயம்புக்கனிக்கு உதவும் என்றுகூட ஒரு நியாயம் தோன்றியது. அது நல்ல நியாயம்தான். ஐந்தாம் நாள் காலை பாரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். இரண்டு வருஷமாகச் சொல்லாததை. அவன் டீயைக் கீழே வைத்தான்.

"ஊசி பைக்குள்ளயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கையை இழுத்துக்கொள்ளாமலே, "அப்ப அந்தப் பாராவ எடுக்காத" என்றான்.

கையெழுத்து இல்லாமலே அறிக்கையை அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத சமூகக் கருத்துகள் உள்ளன. மேற்பார்வையாளர் ஒப்புதல் இல்லை. தேர்வு நிறைவு பெறவில்லை. பிரசவ வார்டுக்கு வேறொருத்தி இன்சார்ஜ் ஆனாள். ரமாபாயைப் புறநோயாளிகளுக்கு ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள்.

படிப்பு முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை விவாதப் பக்கம் திறந்திருக்கும். ரமாபாய் அறிக்கையை அங்கே போடச் சொன்னாள். "யாராவது படிக்கட்டும்" என்றாள்.

இரண்டு நாள் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் கீழே ஒரு பதில் இருந்தது. ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ். ஷெர்லின் வாய்விட்டுப் படித்தாள்.

"என்-77. தருமபுரி. வருடம் 2001. என்னையும் கை வைக்க விடவில்லை. தாய்."

மறுநாள் மூன்று. "விழுப்புரம் பக்கம். 1998. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தாயும் குழந்தையும்." "சிவகங்கை. 2004. குழந்தை." "ஊர் வேண்டாம். 1996. இன்னும் அந்தத் தெருவழியாகப் போவதில்லை. தாய்." பாடத்துக்குத் தொடர்பானவற்றை மட்டும் பதிவிடும்படி நிர்வாகம் நடுவில் ஒரு குறிப்புப் போட்டது. அந்தக் குறிப்புக்குக் கீழேயும் எழுதிக்கொண்டே போனார்கள். ஒருத்தி பின்பற்றிய முறையையே எல்லாரும் பின்பற்றினார்கள்: ஊர், வருடம், இறந்தது யார்.

ஒவ்வொன்றையும் ஷெர்லின் படிக்கும்போது ரமாபாயின் வலது கை தொடைமேல் கிடந்து துடித்தது. இப்போது அது ஒரே நாடியாக இல்லை. பல நாடிகள், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில். சென்டரின் பலகைத் தடுப்புகளுக்குப் பின்னால் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாக இல்லை. இத்தனை நாள் இவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்றுதான் இருந்தது.

கடைசி நாள் பத்தொன்பதாவது பதில் வந்தது. எண்ணுக்கு முன்னால் 'என்' இல்லை. 'டி' இருந்தது. நல்ல ஆங்கிலம்.

ஷெர்லின் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். "நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நானும் ஒருமுறை போனில் சரி என்று சொன்னேன். என் நர்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டேன். எனக்கும் தூக்கம் இல்லை. என் நிலையில் இதற்குமேல் எழுத முடியாது. மன்னிக்கவும்."

ஷெர்லின் நாற்காலியைத் திருப்பினாள். "இது உங்க டாக்டரம்மாவாக்கா?"

ரமாபாய் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எந்த முகமும் இல்லை.

"தெரில. இந்த மாதிரி டாக்டரு ஊருக்கு ஒருத்தர் இருப்பாங்க போல."

"மன்னிப்புக் கேட்டிருக்காங்களே, பதில் என்னக்கா போட?"

வெளியே எண்ணூர்ப் பக்கம் போகிற லாரி ஒன்று கடந்து, தடுப்புப் பலகைகள் நடுங்கி அடங்கின. ரமாபாய் பதிலை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எல்லாரும் எழுதியிருந்த, செத்தது யார் என்ற ஒன்று இதில் மட்டும் இல்லை.

"மன்னிப்பு நான் தர்றதுக்கு இல்ல. எந்த ஊரு, எந்த வருசம்னு கேளு" என்றாள். "செத்தது தாயா, புள்ளையா, அதையும் எழுதச் சொல்லு."

ஷெர்லின் அப்படியே தட்டி அனுப்பினாள். சென்டரை மூடும்வரை இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.