ஸிப் டிஸ்க்கில் இருந்த முகம்

என் மனுசன் சாந்தகுமாருக்கு எதிலும் புதுசுதான் வேண்டும். தொண்ணூற்றெட்டில் ஊரே பிளாப்பியோடு மாரடிக்க, இவர் ஸிப் டிஸ்க் வாங்கினார். எழுபது பிளாப்பியில் கொள்ளுவது அதில் ஒன்றிலேயே கொள்ளுமாம்.

அப்போது நாங்கள் இருந்த வெள்ளவத்தையில் ஓயாத ரவுண்டப், வீடு வீடாகச் சோதனை. பொலிஸ் வந்தால் பட அல்பத்தை விரித்து, இது யார், இப்போது எங்கே என்று ஒவ்வொரு முகமாகக் கேட்கும். என் தம்பி யோகன் இயக்கத்துக்குப் போய்ச் செத்திருந்தான். அவன் நிற்கிற படங்களையெல்லாம் இவர் ஸ்கேன் பண்ணி டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, குசினி அடுப்பில் வைத்து எரித்தார். அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

இரண்டு வருசத்தில் அந்த டிஸ்க்கை வாசிக்கிற டிரைவ் பழுதாகிவிட்டது. வேறு டிரைவ் தேடுவோம் என்றால், பிறகு பார்ப்பம் என்பார். டிஸ்க் அலுமாரியிலேயே கிடந்தது.

போன மாதம் அம்மா சொன்னார்:

"பிள்ளை, யோகன்ர முகம் எனக்கு நினைவில வருகுதில்லை."

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். சிரித்தார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் பழைய கொம்பியூட்டர் திருத்துகிற ஷெல்டனிடம் ஒரு டிரைவ் இருந்தது.

"நல்ல சாமான்தான் அன்ரி," என்றான். "ஆனா குடுக்கிறவர்கிட்டயும் டிரைவ் இருக்கணும், வாங்குறவர்கிட்டயும் இருக்கணும். யாரு வாங்கினது? சீடி மலிவா வந்துச்சு, எல்லாரும் அதுக்குப் போயிட்டாங்க."

டிஸ்க் கறகறவென்று சுற்றி நின்றது. வெளியே எடுத்து மூடியை விலக்கிக் காட்டினான். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம்.

"கடல் காத்து அன்ரி. ஒண்ணும் செய்ய ஏலாது."

சரி தம்பி என்றுவிட்டுப் பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை.

"அப்பவே சீடியில மாத்தியிருக்கோணும்," என்றார் இவர். இதற்காக எத்தனை தரம் இந்த மனுசனோடு சண்டை பிடித்திருப்பேன். இப்போது ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கட்டிலில் எழும்பி இருந்தார்.

"கிடைச்சுதோ?"

"இல்லையம்மா. எல்லாம் பழுதாப் போச்சு."

அம்மா பிறகு கேட்டார்:

"அவன் ஆரைப்போல?"

"என்னைப்போல எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

"அப்ப இங்கால திரும்பு பிள்ளை."

திரும்பினேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். தலைமயிரைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.