தோள்வலி இல்லை

டென்னிஸ் உலகத்தில் களைப்பு என்று ஒரு நோயே கிடையாது. முழங்கால் உண்டு, மணிக்கட்டு உண்டு, முதுகு உண்டு. ஆட்டக்காரி நாலு நாள் சும்மா படுக்க வேண்டுமென்றால், பாவம், ஏதாவது ஓர் உறுப்பு பழியை ஏற்க வேண்டும். ஊரறிந்த பொய்தான், அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை.

அவள் உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தாள். தொடங்கவிருக்கும் இந்தப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனால் முதலிடம். அப்படிப்பட்ட நேரத்தில்தான், போன வாரப் போட்டியில் ஆட்டத்தின் நடுவே பக்கம் மாறும்போது, நேராகப் போய் எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டாள். அரங்கமே சிரித்தது. இவளும் சிரித்து வைத்தாள். அந்த ஆட்டத்தை ஜெயிக்கவும் செய்தாள். ஆனால் ஓட்டல் அறைக்கு வந்து, குளியலறை என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்து நின்றபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இது எந்த ஊர் என்றே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

பயிற்சியாளர் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். விஷயத்தைச் சொன்னதும் மைதானத்து மருத்துவ அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

"டாக்டர், இவ இந்தப் போட்டியில ஆடலை. தோள்வலின்னு எழுதிக் குடுங்க."

"வலதா, இடதா?" டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலதாவே இருக்கட்டும். அந்தக் கையாலதான் ஆடுறா, நம்புவாங்க."

காயம் என்று எழுதிவிட்டால் ஒரு புள்ளியும் குறையாது. அடுத்த போட்டியில் முதலிடத்துக்கு மறுபடி முட்டிப் பார்க்கலாம். காயமில்லாமல் விலகினால் புள்ளிக் கணக்கில் ஒரு முட்டை விழும். வருஷம் முழுக்க அந்த முட்டை அங்கேயே நிற்கும். அப்புறம் இந்த வருஷம் முதலிடத்தைக் கனவில்தான் பார்க்கலாம்.

"எனக்குத் தோள் வலிக்கலை" என்றாள் அவள்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன்.

"அப்புறம் ஏன் எழுதணும்? நான் களைச்சுப் போயிட்டேன். அதை எழுதுங்க டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதுக்கு இங்க வழியில்லைம்மா. எங்க வலிக்குதுன்னுதான் கேட்பாங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "கிறுக்குத்தனம் பண்ணாதே. சின்னப் பொய். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத்தான். தோள்ல ஐஸ் பையைக் கட்டிக்கிட்டு, வலிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு அலையணும். ஓய்வெடுக்கறதுக்குக்கூட நடிக்கணுமா அண்ணா? அதுவும் ஒரு வேலைதானே?"

"என் ஆட்டத்தை மூட்டை கட்டி வச்சுட்டு உன் பின்னாடி வந்தேன். அதை மறந்துட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு பேச்சை எடுத்துத்தான் அவன் எப்போதும் ஜெயிப்பான். இன்றைக்கும் கண் கலங்கியது. ஆனால் தலை குனியவில்லை.

"மறக்கலை. மறக்காததாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு ஓடினேன்" என்று சொல்லிவிட்டு, நிருபர்கள் காத்திருந்த கூடத்துக்குத் தனியாகவே நடந்தாள்.

"எந்த இடத்துல வலி?" முதல் கேள்வியே அதுதான்.

"எந்த இடத்துலயும் இல்லை. களைப்பா இருக்கு. தூங்கப் போறேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "முதலிடம்னா பயமா?" என்று கிண்டினார்.

"பயந்தவளா இருந்தா தோள்வலின்னு சொல்லியிருப்பேன்."

வெளியே நடையில் முதலிடத்துக்காரி வழி மறித்தாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு அவளும் இந்தப் போட்டிக்கு முழுக்குப் போட்டிருந்தாள்.

"உனக்கென்ன பெரிய உத்தமி வேஷம்? இனிமே எங்க வலியை எவன் நம்புவான்?" என்று கட்டுப் போட்ட அதே கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டாள். பிறகு கையைக் கவனித்து மெல்ல இறக்கிக்கொண்டாள்.

"அதை அவிழ்த்துப் போட்டுட்டு நீயும் போய்த் தூங்கு" என்றாள் இவள். கேலியாகச் சொல்லவில்லை.

ஓட்டல் அறை வாசலில் அண்ணன் நின்றிருந்தான். பெட்டி கட்டியாகிவிட்டது, விமானம் சாயங்காலம், அடுத்த ஊரில் மைதானம் பிடித்தாகிவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னான். அவன் கோபத்தைக் காட்டும் வழி அதுதான்: வேலையைக் கூட்டிவிடுவான்.

"நான் வரலை அண்ணா."

"இப்படியே போனா ரெண்டாவது இடமும் கையை விட்டுப் போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். ஏறி வந்த வழி எனக்குத் தெரியும்."

"சரி, எத்தனை நாள்? அதையாவது சொல்லித் தொலை."

"தெரியாது. ஆடணும்னு எனக்கே ஆசை வரட்டும். அன்னிக்கு வந்து முதலிடத்தை எடுத்துக்கறேன். அதுவரைக்கும் அது அவகிட்டயே இருக்கட்டும்."

அவன் வாயைத் திறப்பதற்குள், அந்தப் பட்டப்பகலில், அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.