உட்கார்ந்தே தூங்கியவள்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் உத்தமபாளையத்தில் நேராக நடந்தவர் யாரும் இல்லை. சிக்குன்குனியா வீடு தவறாமல் வந்து போயிருந்தது. தொழுகைக்குப் போகிறவர்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். கறிக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே கறி வெட்டினார். ஊரே அரைத்தூக்கத்தில் மிதந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் எனக்குச் சுவர் கொஞ்சம் தள்ளி நிற்பதாகத் தோன்றும், என் கைகள் வேறு யாருடையவோ என்று இருக்கும். பொய் சொல்வானேன், அது சுகமாகக்கூட இருந்தது.

என் மருமகள் யாஸ்மினுக்கும் காய்ச்சல் வந்து போனது. அவளுக்கு ஏழு மாதம். மகன் ஷானவாஸ் திராட்சை லோடோடு எர்ணாகுளம் போய்விடுவான். நாங்கள் இருவரும் மத்தியானம் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து, யாருக்கு வீக்கம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் நடந்த விளையாட்டு அது.

"ஓங் காலுதேன் ஜெயிச்சிருச்சு புள்ள," என்பேன். அவள் சிரிப்பாள். சிரித்தாலே மூச்சு வாங்கும்.

படுக்க மட்டும் மாட்டாள். தலையணைகளைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்குவாள்.

"படுத்தா வாய்க்காத் தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கு மாமி. நீங்க பேசுறது மேல எங்கனயோ கேக்குது. பாசியெல்லாம் பச்சையா ஆடுது."

என்ன அழகாகச் சொல்கிறாள் என்று பக்கத்து வீட்டு நசீமாவிடம் பெருமையடித்தேன். மாசமாக இருப்பவளுக்கு வருகிற கனவு என்றாள் அவளும். இரண்டு கிழ மண்டைகள்.

அவள் இப்படி உட்கார்ந்தே தூங்கத் தொடங்கிய பதினோராம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எப்போதும் உட்கார்ந்தே இருந்தால் வயிற்றுப் பிள்ளை என்னாவது? தலையணைகளை உருவிவிட்டு, "சொன்னாக் கேளு, நீட்டிப் படு," என்றேன். அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. படுத்தாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு கத்தரிப்பூ நிறமாகியது. நுரை நுரையாக இருமினாள். கண் என்னையே பார்த்தது.

தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கத்தினேன். தெருவில் காய்ச்சல் விசாரிக்க வந்திருந்த நர்ஸ் ஜெபராணி விந்தி விந்தி உள்ளே வந்தாள். யாஸ்மினின் புறங்காலைக் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"வலிக்குதா தாயி?"

யாஸ்மின் இல்லையென்று தலையாட்டினாள்.

"மூட்டுக்காய்ச்சல் வீக்கம்னா தொட்டாலே அலறுவாக. இது நீர். நெஞ்சுல கோளாறு. சீக்கிரம் வண்டியக் கூப்பிடுங்க," என்றாள் ஜெபராணி.

என் காலை அமுக்கிப் பார்த்தேன். உயிர் போகிற வலி. பள்ளம் விழவில்லை.

தேனிக்குப் போகும் காரில் அவளை என் தோளில் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். சின்னமனூர் வயல்கள் சத்தமில்லாமல் பின்னால் போயின. யா அல்லா, இதுவும் கனவாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"எத்தனை நாளா படுக்க முடியல?" என்று டாக்டரம்மா கேட்டார்.

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து யாஸ்மின், "இன்னைக்குத்தான்," என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

"பொய்," என்றேன். "பதினோரு நாளாச்சு. நாந்தேன் கனவுன்னு நெனச்சேன். இன்னைக்கு வம்படியாப் படுக்க வச்சதும் நாந்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. காய்ச்சல் கிருமி இதயத் தசையையும் தளர்த்திவிட்டது, கர்ப்பத்தில் கூடுதலாக ஓடும் ரத்தத்தை அதனால் இறைக்க முடியவில்லை, அதனால்தான் நுரையீரலில் நீர் என்றார். பதினோரு நாள் என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிரசவம்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்றார். பிள்ளையின் துடிப்பை எங்களுக்குக் கேட்கவைத்தார். ஓடுகிற ஓட்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் யாஸ்மினுக்குப் பேச மூச்சு வந்தது.

"ஏன் மாமி டாக்டர்ட்ட சொன்னீக? ஒங்க மகனுக்குத் தெரிஞ்சா ஒங்களத்தான ஏசுவாக."

"ஏசட்டும். நீ இல்லாத வீட்ல அவன் என்னைய ஏசாம இருந்து எனக்கென்ன புள்ள," என்றேன். அழுதுவிட்டேன்.