ஞானாபரணத்தின் இழுவை

இடக்கை விரல்கள் அழுந்தியதும் டிரம்ஸ் எழுகிறது, பின்னாலேயே கிட்டார், அதற்கும் மேல் ஒரு வயலின் கூட்டம், ஹெப்சிபாவுக்கு வெட்கமும் சிரிப்புமாக வருகிறது, தனக்கென்று இத்தனை பேர் வாசிப்பது இந்த வயதில்தான் வாய்த்திருக்கிறது, மகன் வாங்கி அனுப்பிய பியானோ, கட்டையை அழுத்தினால் நிஜப் பியானோவைப் போலவே உள்ளே சுத்தியல் அசைவது விரலுக்குத் தெரியும், சத்தம் மட்டும் மின்சாரத்தில் வரும், பக்கவாத்தியமும் அதுவே பார்த்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டை தேவாலயத்தில் அவள் தனி ஆள், ஞாயிறுதோறும் சபையார் அத்தனை பேர் குரலையும் ஒற்றை ஆர்கனில் இழுத்துக்கொண்டு போவாள், அதில் ஒரு குரல் மட்டும் அடங்காது, கடைசி பெஞ்சிலிருந்து வரிக்கு வரி முடிவை நீட்டிக்கொண்டே போகும், யாரப்பா அது என்று தலைகள் திரும்பும், அவளோ கட்டையை விடாமல் அழுத்திப் பிடித்தபடி அந்தக் குரல் ஓயும் வரை காத்திருப்பாள், ஏன் காத்திருந்தாளோ, அந்தக் குரல்காரர் ஞானாபரணம்தான் பிறகு பெண் கேட்டு வந்தார், ஆர்கன் வாசிக்கிற பிள்ள ஒருத்திதான் என்னய முழுசாப் பாட விடுதா என்று அவள் அப்பாவிடமே சொன்னார், அப்பா முறைத்தார், அப்புறம் சிரித்தும் விட்டார்.

அதே ஞானாபரணம் இப்போது நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், பியானோ வந்த அன்று ஆசையாகத்தான் பாட எழுந்தார், வழக்கம்போல இழுத்தார், டிரம்ஸ்காரன் நின்றால்தானே, அடுத்த வரிக்கு ஓடிவிட்டான், துரத்திப் போனவருக்கு மூச்சு முட்டியது, உம் மவன் அனுப்புன பட்டாளத்தோட என்னால ஓட முடியாதுட்டி, நீ வாசி, நான் கேக்கேன். அதோடு குளியலறை முணுமுணுப்பும் நின்றது, பக்கவாத்தியத்தை அணைத்துவிட்டு வாசித்துப் பார்த்தாள், எம்மேல பரிதாபப்படுதியோ என்று எழுந்து போய்விட்டார், உள்ளதைச் சொன்னால் அவளுக்கும் அந்தக் கூட்டத்தை விட மனமில்லை, ஆனால் அவர் குரல் இல்லாத வீடு பயமாக இருந்தது, இனி பாடவே மாட்டாரோ. மகனிடம் போனில் புலம்பினாள், அவன் சிரித்தான், இடது கைய எடுத்தா எல்லாம் நிக்கிற மாதிரிதானம்மா வச்சு அனுப்பியிருக்கேன், நீங்க பாட்டு நடுவுல கைய எடுக்கவே இல்லையா. எங்கே எடுப்பாள், ஆர்கன்காரிக்குக் காத்திருப்பது என்றால் அழுத்திப் பிடிப்பதுதானே.

ஒரே ஒரு வரி, எனக்காக என்று கெஞ்சுகிறாள், முனகிக்கொண்டே எழுந்து பாடுகிறார், வரி முடிகிறது, இழுவை தொடங்குகிறது, அவள் விரல்கள் பழைய பழக்கத்தில் கட்டையைப் பற்றப் பார்க்கின்றன, பிய்த்தெடுப்பது போலக் கையைத் தூக்குகிறாள், டிரம்ஸ், கிட்டார், வயலின் எல்லாம் சட்டென்று ஓய்ந்து கூடம் முழுக்க அவர் குரல் மட்டும், சந்தேகத்தோடு கண்ணைத் திறக்கிறார், எட்டி, எல்லாவனும் நிக்கானுவளா, நிக்காங்க, நீங்க முடிங்க, உடனே விட்ட இடத்திலிருந்து இன்னும் நீளமாக இழுக்கிறார், வேண்டுமென்றே, முடிப்பதாக இல்லை, இடக்கையை அந்தரத்தில் பிடித்தபடி அவள் சிரிக்கிறாள், கை வலிக்கிறது, வலிக்கட்டும்.